கடையில் வாங்கிய டெஸ்க்டாப்: எதை மாற்றினால் பலன், எதைத் தொட்டால் நஷ்டம்

கேள்வி இதுதான்: டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060, சின்ன கேபினெட் மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஐ5-8500 பிராசசர், 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், 200 வாட் எஸ்.எம்.பி.எஸ். (மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி). ஆன் செய்தால் டெஸ்க்டாப் வந்து ஒழுங்காக வேலை செய்யவே ஐந்து நிமிடம் ஆகிறது. கடைக்காரர் போர்டையும் பிராசசரையும் மாற்றச் சொல்கிறார். என்ன செய்யலாம்? கிராபிக்ஸ் கார்டு போட முடியுமா?

போர்டை மாற்ற வேண்டாம். பிராசசரையும் மாற்ற வேண்டாம். இந்த மெஷினில் மெதுவாக இருப்பது ஒரே ஒரு பொருள், அந்த ஹார்ட் டிஸ்க். உறுதி செய்துகொள்ள ஒரு நிமிடம் போதும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். மெஷின் திணறும் நேரத்தில் அதில் டிஸ்க் 100 சதவீதத்திலும் சிபியு 20, 30 சதவீதத்திலும் நின்றால், பிராசசர் சும்மா உட்கார்ந்து டிஸ்குக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் எவ்வளவு பெரிய பிராசசர் போட்டாலும் அதுவும் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

காரணம் எளிய கணக்கு. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லி செகண்ட் எடுக்கும். வேண்டிய இடம் ஊசிக்கு அடியில் வர சராசரியாகப் பாதிச் சுற்று, அதாவது 4 மில்லி செகண்டுக்குச் சற்று மேல். ஊசி சரியான தடத்துக்கு நகர இன்னொரு 8, 9 மில்லி செகண்ட். ஆக, சிதறிக் கிடக்கும் சின்ன ஃபைல்களைப் படிக்கும்போது செகண்டுக்கு 75, 80 முறைக்கு மேல் போகவே முடியாது. விண்டோஸ் தொடங்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகள். சுற்றும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுமாரானதுகூட இதே வேலையைச் செகண்டுக்குப் பல்லாயிரம் முறை செய்யும். வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் முதல் பணத்தை இங்கே போடச் சொல்கிறேன்.

எஸ்.எஸ்.டி.

இந்தப் போர்டில் எம்.2 ஸ்லாட் (கேபிள் இல்லாமல் போர்டிலேயே தட்டையாகச் செருகும் இடம்) ஒன்று எஸ்.எஸ்.டி.க்கென்றே இருக்கிறது. வேகமான என்.வி.எம்.இ. வகை போடலாம், அதிலிருந்தே பூட் ஆகும். வாங்க வேண்டியது 2280 அளவு (22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம்), 500 ஜிபி அல்லது 1 டிபி. ஜென் 4 (இணைப்பின் 4ஆம் தலைமுறை, இந்தப் போர்டு 3ஆவது) என்று போட்டிருப்பதைப் போட்டாலும் ஓடும், ஆனால் ஜென் 3 வேகத்தில்தான், அதாவது அதிகபட்சம் செகண்டுக்கு 3500 எம்பி பக்கம். அதனால் ஜென் 4-க்கென்று அதிகம் கொடுக்கத் தேவையில்லை. பக்கத்திலேயே வைஃபை கார்டுக்கான இன்னொரு எம்.2 ஸ்லாட் இருக்கும். அது குட்டையானது, ஸ்லாட்டுக்குள் இருக்கும் சின்னத் தடுப்பும் வேறு இடத்தில் இருக்கும். எஸ்.எஸ்.டி. அதில் நுழையாது, அழுத்திப் பார்க்கவும் கூடாது.

செருகும்போது எஸ்.எஸ்.டி.யைச் சுமார் 30 டிகிரி சாய்த்து, தங்க நிறப் பற்கள் முழுக்க உள்ளே போகும்வரை தள்ளி, பிறகு மறுமுனையைக் கீழே அழுத்தி ஸ்க்ரூ போட வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது அந்த ஸ்க்ரூவில். எம்.2 காலியாக விற்கப்பட்ட மெஷினில் அந்த ஸ்க்ரூ இருப்பதில்லை, எஸ்.எஸ்.டி. பெட்டியிலும் பெரும்பாலும் வராது. 2 மி.மீ. விட்டம் உள்ள சின்ன ஸ்க்ரூ அது. லேப்டாப் சர்வீஸ் கடையில் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்க்ரூ இல்லாமல் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும் எஸ்.எஸ்.டி. ஒருநாள் ஓடும், மறுநாள் காணாமல் போகும்.

பழைய டிஸ்கை அப்படியே குளோன் செய்யலாமா என்றால், செய்யலாம், ஆனால் இந்த மெஷினுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 1 டிபி டிஸ்கிலிருந்து 500 ஜிபி எஸ்.எஸ்.டி.க்குப் போக முதலில் பார்ட்டிஷனை (டிஸ்கில் பிரித்து வைத்த பகுதியை) சுருக்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் மெஷின்களில் விண்டோஸைப் பழைய லெகசி பூட் முறையில் போட்டிருப்பதும் சகஜம். என்.வி.எம்.இ.யோ யூ.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறையில்தான் பூட் ஆகும், குளோன் செய்தது எழுந்திருக்காது. ஃபைல்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு புதிதாக விண்டோஸ் போடுவது சுத்தம், நேரமும் மிச்சம்.

அதற்கு 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றும், மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா கிரியேஷன் டூலும் போதும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, ஆகவே போடுவது 11 ஆகவே இருக்கட்டும். இன்டெல்லில், சில விதிவிலக்குகள் தவிர, 8ஆம் தலைமுறையிலிருந்துதான் 11-க்கு அதிகாரபூர்வ அனுமதி. ஐ5-8500 அந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. இந்த மெஷினை வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் முக்கியக் காரணம். இதே வேலையை ஒரு 4ஆம் தலைமுறை மெஷினுக்குச் செய்யக் கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும்.

இன்ஸ்டால் செய்வதற்கு முன் நான்கு விஷயங்கள். ஒன்றைத் தவறவிட்டாலும் பாதி நாள் போய்விடும்.

பழைய டிஸ்கில் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதைத் திறக்கும் 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் அமைப்புத் திரையில்) கை வைத்ததும் விண்டோஸ் அதைத்தான் கேட்கும்.

அடுத்து, ஆன் செய்தவுடன் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் சாட்டா ஆபரேஷன் (போர்டு டிஸ்குகளோடு பேசும் முறை) என்ற இடத்தைப் பாருங்கள். டெல் மெஷின்கள் ஆலையிலிருந்து வரும்போதே அது 'ரெய்டு ஆன்' என்று இருக்கும். அப்படியே விட்டால் விண்டோஸ் இன்ஸ்டாலர், எஸ்.எஸ்.டி.யே இல்லை என்று சொல்லக்கூடும். 'ஏ.எச்.சி.ஐ.' என்று மாற்றிவிடுங்கள். மாற்றியதும் பழைய டிஸ்கில் உள்ள விண்டோஸ் நீலத் திரை காட்டி நிற்கும், எனவே அதிலிருந்து எடுக்க வேண்டியதை எல்லாம் முன்பே எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே போட்ட விண்டோஸைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்றால் வழி உண்டு. சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் சேஃப் பூட்டை டிக் செய்து, ரீஸ்டார்ட்டில் பயாஸை மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை உள்ளே போய், டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்.

மூன்றாவது, இன்ஸ்டால் முடியும்வரை பழைய ஹார்ட் டிஸ்கின் சாட்டா கேபிளைக் கழற்றி வையுங்கள். இரண்டு டிஸ்க்கும் இணைந்திருந்தால் விண்டோஸ் எஸ்.எஸ்.டி.யில் உட்கார்ந்தாலும் பூட் பார்ட்டிஷன் மட்டும் பழைய டிஸ்கில் போய் உட்கார்ந்துவிடக்கூடும். அப்படி ஆனால், ஆறு மாதம் கழித்துப் பழைய டிஸ்க் போகும்போது எஸ்.எஸ்.டி. நன்றாக இருந்தும் மெஷின் எழாது. இது மிகவும் பொதுவாக நடக்கும் தவறு.

நான்காவது லைசென்ஸ். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில் 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று இருந்தால் கவலை வேண்டாம். அது போர்டோடு கட்டப்பட்டது. புது எஸ்.எஸ்.டி.யில் அதே எடிஷனைப் போட்டு இன்டர்நெட் கொடுத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். போர்டை மாற்றினால் அந்த லைசென்ஸும் போர்டோடு போய்விடும். கடைக்காரர் சொன்ன யோசனையில் இந்தச் செலவைச் சேர்த்திருக்க மாட்டார்.

பயாஸ் பாஸ்வேர்டு கேட்டால் பயப்பட வேண்டாம். கம்பெனிகளிலிருந்து கழித்து விற்ற மெஷின்களில் அது இருப்பதுண்டு. போர்டில் பாஸ்வேர்டுக்கென்று ஒரு ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் குட்டி மூடி) இருக்கும், அதை எப்படி மாற்றி வைப்பது என்று டெல்லின் சர்வீஸ் மேனுவலில் படத்தோடு இருக்கிறது.

ராம்

8 ஜிபி இன்று போதாது. பிரவுசரில் இருபது டேப் திறந்தாலே நிரம்பி, மிச்சத்தை டிஸ்கில் தள்ளத் தொடங்கும். 16 ஜிபி தேவை. படம், வீடியோ எடிட் செய்பவர்களுக்கு 32. இந்தப் போர்டின் அதிகாரபூர்வ உச்சமும் 32-தான், ஸ்லாட் இரண்டு.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். இரண்டில் ஒன்று என்றால் இன்னொரு 8 ஜிபி வாங்கினால் போதும். இரண்டுமே 4, 4 ஜிபியாக இருந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு 8, 8 ஆகப் போட வேண்டும். ஒரே 16 ஜிபி குச்சியைவிட இரண்டு 8 நல்லது. ஒரு குச்சி என்றால் ஒரு சேனல் (பாதை), அதில் 2666 வேக ராம் செகண்டுக்குச் சுமார் 21 ஜிபி கொடுக்கும்; இரண்டு குச்சி என்றால் இரண்டு சேனல், 42. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் திரைக்கும் அதே ராமிலிருந்துதான் போக வேண்டும், அதனால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கடையில் கேட்க வேண்டியது: டெஸ்க்டாப் டிடிஆர்4, 288 பின், 2666 அல்லது 3200, 1.2 வோல்ட், ஈ.சி.சி. (சர்வர்களுக்கான பிழை திருத்தும் வசதி) இல்லாதது. 3200 போட்டாலும் 2666-இல்தான் ஓடும், அதனால் தொந்தரவு இல்லை. தொந்தரவு வருவது வேறு இடத்தில். எக்ஸ்.எம்.பி. (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் பயாஸ் வசதி) 3200 என்று தகடு ஒட்டி விற்கும் கேமிங் ராம்களில் சில, எக்ஸ்.எம்.பி. இல்லாவிட்டால் 2133 அல்லது 2400-க்கு இறங்கிவிடும். இந்த பயாஸில் எக்ஸ்.எம்.பி. கிடையாது. சின்ன கேபினெட்டில் அந்தத் தகட்டின் உயரமும் இடிக்கும். அதைவிட மோசமானது, சர்வரிலிருந்து கழற்றிய 'ரெஜிஸ்டர்டு' ராம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான இடங்களில் விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறார்கள். பார்க்க அச்சு அசலாக டெஸ்க்டாப் ராம் போலவே இருக்கும், ஸ்லாட்டிலும் உட்காரும், ஆனால் மெஷின் எழவே எழாது. குச்சியின் லேபிளில் வேகத்துக்குப் பின் 'ஆர்' எழுத்து வந்தால் (2666வி-ஆர் என்பது போல) திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 'யூ' என்றிருப்பதே உங்களுக்கானது.

மாட்டும்போது பவர் கார்டைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைப் பத்து செகண்ட் அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். பிறகு கேபினெட்டின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டு ராமை எடுங்கள். வெட்டுக்குறி பொருந்துகிறதா என்று பார்த்து இரு முனைகளிலும் சமமாக அழுத்தினால் 'டக்' என்று கிளிப் தானே மூடும். கிளிப்பைக் கையால் மூடினால் உட்கார்ந்துவிட்டதாக நினைப்போம், ஒரு முனை அரை மில்லி மீட்டர் தூக்கியே இருக்கும். பழைய ராம் வாங்கியிருந்தால் மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவில் போட்டு ஓர் இரவு ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்தக் குச்சி வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டு

போடலாம். ஆனால் கேமிங் வீடியோக்களில் காட்டும் கார்டை மனதில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தால், முடியாது. இங்கே இரண்டு சுவர்கள்: இடம், மின்சாரம்.

இடம் என்றால், இந்த கேபினெட்டில் பாதி உயரக் கார்டு மட்டும்தான் நுழையும். 12 செ.மீ. உயர பிராக்கெட் உள்ளதல்ல, 8 செ.மீ. பிராக்கெட் உள்ளது. அதுவும் ஒரு ஸ்லாட் தடிமனுக்குள். வாங்கும் முன் மூடியைத் திறந்து, கார்டு உட்காரும் 16 லேன் (தரவுப் பாதை) ஸ்லாட்டுக்கும் அடுத்திருக்கும் பொருளுக்கும் இடையே எவ்வளவு இருக்கிறது, நீளத்தில் டிரைவ் கூண்டு எங்கே வந்து இடிக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

மின்சாரத்தில் கணக்கு இப்படி: 200 வாட்டில் பிராசசர் பெயருக்கு 65 வாட், டர்போவில் ஏறும்போது அதற்கும் மேல். போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் சேர்ந்து 30, 40. மிச்சத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டால் கார்டுக்கு 50 வாட் நிம்மதியாகக் கொடுக்கலாம். அதற்குள் வரும் கார்டுகளில் என்விடியா டி600 (40 வாட்), டி1000 (50 வாட்) இரண்டும் ஒரே ஸ்லாட், பாதி உயரம். தனி பவர் கேபிள் தேவையில்லை. மினி டிஸ்பிளேபோர்ட் மட்டும் இருப்பதால் கன்வர்ட்டர் வாங்க வேண்டும். ஆர்எக்ஸ் 6400-உம் 53 வாட்தான், விளையாட்டில் நன்றாகவே ஓடும். ஆனால் அதற்கு இருப்பது 4 லேன் மட்டும், இந்தப் போர்டின் ஜென் 3 வேகத்தில் அது பாதியாகி, சில விளையாட்டுகளில் திக்கும். வீடியோ என்கோடரும் அதில் இல்லை, எனவே எடிட்டிங்குக்கு வாங்காதீர்கள். ஜிடி 1030 வாங்குவதானால் பெட்டியில் ஜிடிடிஆர்5 என்று இருக்க வேண்டும். அதே பெயரில் டிடிஆர்4 வைத்த இன்னொன்றும் விற்கிறார்கள், அதன் நினைவக வேகம் மூன்றில் ஒரு பங்குதான். இன்டெல் ஆர்க் கார்டுகள் ரீசைசபிள் பார் (பிராசசர் கார்டின் நினைவகம் முழுவதையும் நேரே அணுகும் வசதி) இல்லாத பழைய போர்டில் பெருமளவு வேகம் இழக்கும், இங்கே வேண்டாம்.

படம் பார்க்க, ஆபீஸ் வேலைக்கு, இரண்டு மானிட்டர் இணைக்க என்றால் கார்டே தேவையில்லை. பிராசசருக்குள் இருக்கும் யூஎச்டி 630 போதும்.

பெரிய கார்டுக்காக எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றலாமே என்று தோன்றும். இங்கேதான் கம்பெனி டெஸ்க்டாப் அசெம்பிள்டு மெஷினிலிருந்து பிரிகிறது. சாதாரண ஏடிஎக்ஸ் சப்ளையில் 24 பின் கேபிள் வரும், இந்தப் போர்டில் அந்த சாக்கெட்டே கிடையாது. 12 வோல்ட் மட்டும் உள்ளே வருகிறது. 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் போர்டே செய்துகொள்கிறது. ஹார்ட் டிஸ்குக்கான பவர் கேபிளும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வராமல் போர்டில் ஒரு சின்ன சாக்கெட்டிலிருந்து கிளம்புவதைக் கவனித்திருப்பீர்கள், காரணம் இதுதான். கேபினெட்டில் சப்ளை உட்காரும் இடத்தின் வடிவமும் வேறு. வேறு கேபினெட்டுக்குப் போர்டைத் தூக்கிப் போகலாம் என்றால், முன்பக்க யூஎஸ்பியும் போர்டின் விளிம்பிலேயே இருப்பதால் அதுவும் பொருந்தாது.

ஒரு விஷயத்தை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சாட்டா பவரிலிருந்து 6 பின் கிராபிக்ஸ் பவருக்கு மாற்றும் கேபிள் ஒன்று மலிவாக விற்கிறார்கள், அதை வாங்கவே வாங்காதீர்கள். சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், 54 வாட். 6 பின் கனெக்டர் வழியாகக் கார்டு 75 வாட் வரை கேட்கலாம். முதல் நாள் ஓடும். போகப்போகப் பின்கள் சூடேறி, கறுத்து, பிளாஸ்டிக் உருகும். உங்கள் மெஷினில் அந்த சாட்டா பவரும் போர்டின் மெல்லிய தடங்கள் வழியாக வருவதால், எரிந்தால் கேபிளோடு போர்டும் போகும்.

பிராசசர், வைஃபை, பேட்டரி

ஐ7-8700 இந்த சாக்கெட்டில் பொருந்தும். 6 கோர் அதேதான், த்ரெட் மட்டும் 12 ஆகும். வீடியோ ரெண்டர் தினமும் செய்பவர் தவிர மற்றவர்களுக்கு அந்தப் பணத்துக்கு மதிப்பில்லை. 'கே' என்று முடியும் 95 வாட் பிராசசர்களைத் தவிர்த்துவிடுங்கள், உள்ளே இருக்கும் கூலர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. 9ஆம் தலைமுறை உட்காரும் என்று யாராவது சொன்னால், சாக்கெட் ஒன்றுதான் என்பது உண்மை, ஆனால் பயாஸ் ஏற்றுக்கொள்ளாவிட்டால் திரையே வராது. புதுப் பிராசசருக்குச் செலவழிப்பதைவிட மூடியைத் திறந்து கூலரில் அடைத்திருக்கும் தூசியைச் சுத்தம் செய்து, காய்ந்த தெர்மல் பேஸ்டை மாற்றுவது நல்லது. ஃபேன் சத்தம் உடனே குறையும்.

வைஃபை வேண்டுமென்றால் இன்டெல் ஏஎக்ஸ்210 வாங்குங்கள், ஏஎக்ஸ்211 வாங்காதீர்கள். ஒரு எண்தான் வித்தியாசம், ஆனால் 211 தன் வேலையில் பாதியைப் புது இன்டெல் பிளாட்ஃபார்மிடம் விட்டுவிடும் வகை, இந்தப் போர்டில் அது உயிரே பெறாது. இரும்பு கேபினெட் என்பதால் ஆன்டெனா கேபிளை வெளியே கொண்டுவர வேண்டும். அதை மறந்தால் பக்கத்து அறை ரவுட்டரே தெரியாது.

சிஆர்2032 பட்டன் பேட்டரியை இதே கையோடு மாற்றிவிடுங்கள். மெஷினுக்கு வயது ஆறு, ஏழுக்கு மேல் ஆகியிருக்கும், பேட்டரிக்கும் அதே வயது. அது தீர்ந்தால் கடிகாரம் பின்னால் போவதோடு நிற்காது. பயாஸ் ஆலை நிலைக்குத் திரும்பி, நீங்கள் ஏ.எச்.சி.ஐ. என்று மாற்றியது மறுபடி ரெய்டு ஆகிவிடக்கூடும். அப்படி ஆனால் ஒருநாள் மின்சாரம் போய் வந்ததும் விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும், எஸ்.எஸ்.டி. போய்விட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்கிவிடுவீர்கள். பேட்டரி மாற்றியதும் சாட்டா ஆபரேஷனை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடித்து ஆன் செய்யும்போது திரை கறுப்பாகவே இருந்தால் உடனே அணைக்காதீர்கள். ராம் மாறினால் போர்டு அதைப் பழகிக்கொள்ள முதல் முறை ஒரு நிமிடம்வரை எடுக்கலாம். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால், மானிட்டர் கேபிள் போர்டில் இருக்கிறதா, புதுக் கார்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கார்டு போட்டிருந்தால் கேபிளும் கார்டில்தான் இருக்க வேண்டும். பவர் பட்டன் ஆரஞ்சு நிறத்தில் விட்டு விட்டு மின்னினால் எண்ணுங்கள்: எத்தனை முறை, இடைவெளி, மறுபடி எத்தனை முறை. அந்த இரண்டு எண்களுக்கும் சர்வீஸ் மேனுவலில் அர்த்தம் இருக்கிறது. எண்ண முடியாவிட்டால் புதிதாகப் போட்டது எல்லாவற்றையும் கழற்றி, பழைய ராம் ஒன்றை மட்டும் போட்டு ஆன் செய்து, எழுந்த பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ, அதை மறுபடி செருகிப் பாருங்கள். பெரும்பாலும் அது சரியாக உட்காராததாகத்தான் இருக்கும்.